பலகை செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்

சென்ற மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் இயற்பியல் ஆசிரியர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய ராஸ்ப்பெரி பை 3 என்ற சிறு கணினிப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுப்பதற்காகப் பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கியது. "போர்டு செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன் சார். ரெண்டு நிமிஷம் ஓடுது, அப்புறம் தானா அணைஞ்சு திரும்ப வருது. ஓஎஸ்ஸை மூணு தடவை மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். சார்ஜரும் கேபிளும் எங்கே என்று நான் கேட்டபோது, அவற்றையெல்லாம் எதற்குக் கொண்டுவர வேண்டும் என்பதுபோல் பார்த்தார்.

ஒற்றைப் பலகைக் கணினிகளை வைத்து ஏதாவது செய்துகொண்டிருப்பவன் என்பது தெரிந்துவிட்டதால், அக்கம்பக்கத்திலும் உறவிலும் இருந்து இப்படிப்பட்ட பலகைகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றும்: வைஃபை அறுந்துபோகிறது, விசைப்பலகை விட்டுவிட்டு வேலை செய்கிறது, எஸ்டி கார்டு அடிக்கடி கெடுகிறது, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) அணைய மறுக்கிறது. கேட்பவர்கள் மென்பொருளில்தான் கோளாறு இருக்கும் என்று நம்பி, இரண்டு மூன்று இரவுகளை அதில் தொலைத்துவிட்டு வருகிறார்கள். என் அனுபவத்தில், முதலில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர்.

அன்று மாலை ஆசிரியர் பழைய கைபேசி சார்ஜர் ஒன்றையும், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்றையும் கொண்டுவந்தார். சார்ஜரில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பலகையின் 40 பின் வரிசையில் 2-ஆவது பின் 5 வோல்ட்; 6-ஆவது பின் தரை (கிரவுண்டு). இரண்டிலும் மீட்டரின் முனைகளை வைத்தோம். பலகை சும்மா இருக்கும்போது 4.80 என்று காட்டியது. வைஃபையை இணைத்து உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் 4.50-க்கு இறங்கியது; அதே நொடியில் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது. "அது கண் சிமிட்டுறதைப் பார்த்து, வேலை நடக்குதுன்னு நினைச்சேன்" என்றார் ஆசிரியர். வேலை நடப்பதைக் காட்டுவது பச்சை விளக்கு. சிவப்பு விளக்கு மின்வரத்துக்கானது. அது அசையாமல் எரிய வேண்டும்.

2014-இல் வந்த மாடல் பி பிளஸ் தொடங்கி, உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் சுற்று, ஜீரோ வகையைத் தவிர, இந்தப் பலகைகளில் இருக்கிறது. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை 3-இல் சிவப்பு விளக்கு அணையும். திரை இணைத்திருந்தால் மூலையில் ஒரு மின்னல் குறி தோன்றும். பலரும் அந்த மின்னலைச் சார்ஜ் ஏறுகிறது என்று புரிந்துகொள்கிறார்கள். கைபேசி நமக்குப் பழக்கிவிட்ட குறி அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

குற்றவாளி கேபிள்தான். மலிவான கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் 28 கேஜ் தடிமனில் இருக்கும். அந்தக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை உண்டு. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒன்றரை மீட்டர் கேபிளை மூன்று மீட்டராகக் கணக்கிட வேண்டும், அதாவது 0.6 ஓமுக்குச் சற்று அதிகம். பலகை 0.8 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும். சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் பலகைக்கு நாலரைதான் கிடைக்கும். ஓமின் விதியை இயற்பியல் ஆசிரியருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காகிதத்தில் அவரே போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என்னிடமிருந்த அரை மீட்டர் தடித்த கேபிளை மாட்டியதும் மீட்டர் 4.9-ஐ விட்டு இறங்கவில்லை. ராஸ்ப்பெரி பையின் சொந்த அடாப்டர் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 5.1 கொடுப்பதும், அதன் கேபிள் கழற்ற முடியாதபடி சேர்ந்தே வருவதும் இந்த இழப்பை மனத்தில் வைத்துத்தான்.

'இதே சார்ஜர் என் போனுக்கு நன்றாக வேலை செய்கிறதே' என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். கைபேசிக்குள் மின்கலம் இருக்கிறது. வரும் மின்னழுத்தம் குறைந்தால் அது மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், நமக்குத் தெரியாது. பலகைக்கு அப்படிக் கைகொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மின்னழுத்தம் சரிந்தாலும் யுஎஸ்பி சாதனங்கள் அறுந்துபோகலாம், எஸ்டி கார்டில் பாதி எழுதியது பாதியில் நிற்கலாம். கேபிளில் இருந்த கோளாறு, இப்படித்தான் கோப்புமுறைமைக் கோளாறாக வேடமிட்டுக்கொண்டு நம் முன்னால் வந்து நிற்கிறது.

பை 4 யுஎஸ்பி-சிக்கு மாறியபோது வேறொரு குழப்பம் வந்தது. 2019 ஜூனில் வெளியான முதல் பலகைகளில், யுஎஸ்பி-சி இணைப்பின் இரண்டு அடையாளக் கம்பிகளுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்றாகப் பகிரப்பட்டிருந்தது. மடிக்கணினிகளோடு வரும், உள்ளே சில்லு வைத்த விலையுயர்ந்த கேபிளை மாட்டினால், மறுமுனையில் இருக்கும் சார்ஜர் பலகையை ஒலி அடாப்டர் என்று எண்ணி மின்சாரம் தர மறுத்துவிடும். மலிவான சாதாரணக் கேபிள் வேலை செய்யும். நல்ல கேபிள் வேலை செய்யாது! பிற்காலப் பதிப்புகளில் இது திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய பை 4-ஐ இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த பை 5-இல் கேள்வி வேறு வடிவம் எடுத்திருக்கிறது. அதற்கென விற்கப்படும் அடாப்டர் 5.1 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிறது. சுமார் 25 வாட். 'என்னிடம் 65 வாட் மடிக்கணினி சார்ஜர் இருக்கிறது, தாராளமாகப் போதுமே' என்று வாதிடுவார்கள். அந்த 65 வாட், 20 வோல்ட்டில் கிடைப்பது. 5 வோல்ட் என்று வரும்போது அத்தகைய சார்ஜர்கள் பொதுவாக 3 ஆம்பியரோடு நின்றுவிடும். பை 5 அதை ஏற்றுக்கொண்டு இயங்கும்; ஆனால் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும். 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் அது 1.6 ஆம்பியராக உயரும். வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டியவுடன் அது தலைகாட்டி மறைகிறது என்று வந்து சொல்பவர்களிடம், நான் ஹார்டு டிஸ்க்கின் பெயரைக் கேட்பதில்லை. அடாப்டரின் பின்புறத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

மின்வரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் பை 2 வெளியானவுடன் வாங்கியவர்களில் ஒருவர், தன் புதுப் பலகையைப் படமெடுக்க முயன்றபோதெல்லாம் அது அணைந்துவிடுவதைக் கண்டார். கேமராவின் செனான் ஃபிளாஷ் மின்னியதும் பலகை நின்றுவிடும். காரணம், மின்வரத்தைச் சீராக்கும் சில்லு ஒன்று மேலுறை இல்லாத வகையைச் சேர்ந்தது; அதன் சிலிக்கான் மீது வலுவான ஒளி பட்டதும் ஒளிமின் விளைவால் சில்லு தடுமாறியது. அந்தச் சில்லின் மேல் ஒளி புகாத எதையாவது ஒட்டிவிட்டால் தீர்ந்தது. பலகை கூச்சப்படுகிறது என்று அப்போது கேலி செய்தார்கள். வன்பொருளில் 'இது காரணமாக இருக்கவே முடியாது' என்று எதையும் ஒதுக்கக்கூடாது என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

அடுத்து பின்கள். 2016-இல் நான் ஒரு பை 2 பலகையை எரித்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளப்பதற்கு எச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சாரை வாங்கினேன். இரண்டு கண் வைத்த அந்தச் சின்னச் சாதனம் 5 வோல்ட்டில் இயங்குவது. எதிரொலி திரும்பியதைச் சொல்லும் அதன் எக்கோ பின்னிலும் 5 வோல்ட்தான் வரும். ஆர்டுயினோ ஊனோ என்ற 5 வோல்ட் பலகையில் பழகிய கை என்பதால் யோசிக்காமல் நேராக ஜிபிஐஓ 24-இல் (சென்சார் போன்றவற்றை இணைப்பதற்கான பின்களில் ஒன்று) செருகினேன். ராஸ்ப்பெரி பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டைத் தாங்கும் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. கொடுமை என்னவென்றால், நான்கு நாள் அது நன்றாகவே ஓடியது. ஐந்தாம் நாள் அந்தப் பின் எப்போதும் ஒன்று என்றே சொல்லத் தொடங்கியது. அன்றிரவு நடுவிலிருக்கும் பெரிய சில்லைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, பலகை அடங்கிவிட்டது. 'எனக்கு வேலை செய்கிறதே, அப்படியே இணைக்கலாம்' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த நான்கு நாள்தான் நினைவுக்கு வரும்.

தேவைப்பட்டது இரண்டு மின்தடைகள் மட்டுமே. எக்கோவுக்கும் ஜிபிஐஓவுக்கும் இடையே 1 கிலோ ஓம்; ஜிபிஐஓவிலிருந்து தரைக்கு 2 கிலோ ஓம். ஐந்து வோல்ட் மூன்று பங்காகப் பிரிந்து, இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட், பின்னுக்குப் போகும். 2 கிலோ ஓம் கடையில் இல்லை என்றால் இரண்டு 1 கிலோ ஓம்களைத் தொடராக வைக்கலாம். ஒலியை அனுப்பு என்று சென்சாருக்குச் சொல்லும் டிரிகர் பின்னுக்கு இது தேவையில்லை. பலகையிலிருந்து போகும் 3.3 வோல்ட்டை அது ஏற்றுக்கொள்ளும். தொட்டிக்கு என்றே கேட்பவர்களுக்கு இன்னொன்று: எச்சி-எஸ்ஆர்04-இன் திறந்த கண்களில் நீராவி படிந்து சில வாரங்களில் உளறத் தொடங்கிவிடும். கார்களின் பின்புறம் இருப்பதுபோன்ற மூடிய கண் கொண்ட ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதற்கு 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரியாது. தொட்டி நிரம்பிய மட்டத்துக்கு மேலே அந்த அளவு இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும்.

எண் குழப்பத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிரலில் 24 என்று எழுதினால் அது சில்லின் ஜிபிஐஓ எண். பலகையில் எண்ணிப் பார்த்தால் அது 18-ஆவது பின். பலகையின் 24-ஆவது பின்னோ ஜிபிஐஓ 8. முதல் பின் எது என்பதில் ஐயம் வந்தால் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பற்றவைப்புப் புள்ளிகளில் ஒன்று மட்டும் சதுரமாக இருக்கும், அதுதான் முதல் பின். அது 3.3 வோல்ட், அதற்குப் பக்கத்து வரிசையில் இருக்கும் 2-உம் 4-உம் 5 வோல்ட். ஜம்பர் வயர் ஒரு பின் தள்ளிப் போவதற்கும் பலகை போவதற்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆகவே மின்சாரத்தைத் துண்டிக்காமல் வயரிங்கில் கை வைக்காதீர்கள்.

ரிலே கேள்விக்கும் வேர் இதே 3.3 வோல்ட்தான். கடையில் கிடைக்கும் நீல நிற ரிலே மாட்யூல்கள் பல, உள்ளீட்டைத் தரைக்கு இழுத்தால் இயங்கும் வகை. 5 வோல்ட்டுக்கு உயர்த்தினால்தான் அவை முழுதாக அணையும். பலகையால் தர முடிந்தது 3.3. மீதமுள்ள 1.7 வோல்ட் வித்தியாசமே சில மாட்யூல்களுக்கு 'இன்னும் இயங்கு' என்று சொல்லப் போதுமானது. எனவே ரிலே ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடாது. மாட்யூலில் ஜேடி-விசிசி என்று எழுதிய ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றி, ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டையும் விசிசிக்குப் பலகையின் 3.3 வோல்ட்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜம்பர் இல்லாத மாட்யூலுக்கு நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைக்கலாம். ரிலேயின் சுருளை நேராகப் பின்னிலிருந்து இயக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சாதாரண 5 வோல்ட் சுருள் 70 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு பின்னால் தரக்கூடியது அதிகபட்சம் 16. கூடவே கூடாது.

10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று அந்த நீல ரிலேயிலேயே தண்ணீர் மோட்டாரை இணைப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது அந்த எல்லைக்குள் இருக்கலாம். கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், நிரல் என்ன கட்டளை போட்டாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு காண்டாக்டரை, அதாவது மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சை, இயக்கட்டும். காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்தப் பகுதியின் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மண்ணின் ஈரப்பத சென்சாரை இணைத்துவிட்டு 0, 1 தவிர வேறு எண் வரவில்லையே என்பார்கள். ராஸ்ப்பெரி பையின் பின்களால் சிறிது சிறிதாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை அளக்க முடியாது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித்தரும் எம்சிபி3008 போன்ற சில்லு ஒன்று நடுவில் வேண்டும். வேலை அதுமட்டும்தான் என்றால் முழுக் கணினி எதற்கு? 2021-இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்ப்பெரி பை பிக்கோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை போதும். அதிலேயே அளக்கும் வசதி உண்டு, எஸ்டி கார்டு கிடையாது, திடீரென்று மின்சாரம் போனாலும் கெட ஒன்றும் இல்லை.

எஸ்டி கார்டு கெடுவதைப் பற்றிக் கேட்டால், மின்வெட்டைப் பற்றித் திருப்பிக் கேட்பேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பலகை மறுதொடக்கம் ஆகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்சு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் குறைவு, அடாப்டர் சமாளித்துவிடும். இரவு பகலாக ஓடும் பலகையில் கார்டை வாசிக்க மட்டும் வைத்து, எழுதுவதையெல்லாம் நினைவகத்தில் நிறுத்தும் ஓவர்லே வசதியை அமைப்பு நிரலிலேயே இயக்கலாம். கார்டின் மேல் ஏ1 என்ற குறி இருந்தால் நல்லது: சிறு சிறு கோப்புகளைச் சிதறலாக நொடிக்கு 1500 முறை வாசிக்கவும் 500 முறை எழுதவும் முடியும் என்ற குறைந்தபட்ச உறுதி அது.

மின்வெட்டுக்குப் பிறகு நேரம் தவறாகக் காட்டுகிறது என்பது இதன் தம்பிக் கேள்வி. பை 4 வரையிலான பலகைகளில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது; இணையம் கிடைக்கும்வரை, அணைவதற்கு முன் கடைசியாக எழுதிவைத்த பழைய நேரத்திலிருந்தே தொடரும். டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்று போட்டால் தீரும். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. மின்கலத்தை மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதற்கென விற்பது மறுபடி சார்ஜ் ஆகும் வகை. அதற்குப் பதிலாக வீட்டிலிருக்கும் சிஆர்2032 காசுக் கலத்தை இணைத்தால், சார்ஜ் ஏற்றும் அமைப்பை எக்காரணம் கொண்டும் இயக்கிவிடாதீர்கள்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 80 பாகை செல்சியஸைத் தொட்டதும் பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. ஆனால் கத்திரி வெயிலில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பை 4 அந்த எல்லையை வெகு சீக்கிரம் எட்டும். மூடியைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பை 4-இல் திரை கறுப்பாகவே இருந்தால், இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகளில் மின்சாரத் துளைக்கு அருகில் இருப்பதில் மாட்டிப் பாருங்கள். நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியாது. அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, பலகை உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? எஸ்டி கார்டையும் இணைத்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நல்ல அடாப்டரில் மின்சாரம் கொடுத்து, முதலில் 2-ஆவது பின்னை அளந்து பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு முதல் பின்னை அளந்து பாருங்கள், 3.3 இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் நம்பிக்கை உண்டு. இயங்குதளத்தைப் புதிய கார்டில் போட்டுத் தொடங்கலாம். ஐந்து இருந்து, 3.3 இல்லாமல், நடுச் சில்லும் சுடுகிறது என்றால் துக்கம் விசாரிக்க வேண்டியதுதான். 2016-இல் நான் எரித்த பலகை அந்த நிலையில்தான் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஆசிரியரின் பலகை மூன்று வாரமாகப் பள்ளியில் ஒழுங்காக ஓடுகிறது. என்னுடைய தடித்த கேபிளை அவரிடமே கொடுத்துவிட்டு, அந்தக் கறுப்புக் கேபிளைக் குப்பையில் போடப் போனேன். வேண்டாம் என்று தடுத்து, சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பத்தாம் வகுப்புக்கு ஓமின் விதி நடத்தும்போது தேவைப்படும் என்றார்.